சபையில் கேட்க ஒரு வரி



மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் எங்கள் பக்கத்து உழவர்கள் நாலு பேரும் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனோம். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. கையில் ஏழு பக்க மனு. எழுதியது நான்தான். இயற்கை விளைபொருளுக்குத் தனி விலை, நாட்டு விதைக்கு உதவி, ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது, கூட்டுறவுக் கடனில் உரத்துக்குப் பதில் வேறு இடுபொருள் என்று மொத்தம் பதினொரு கோரிக்கை.

மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீ வந்தது. மனுவைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுச் சொன்னார்: "சார், எல்லாம் நியாயமாத்தான் இருக்கு. ஆனா சபையில எழுந்தா எனக்குக் கிடைக்கிறது சில நிமிஷம். இந்த ஏழு பக்கத்துல நான் கேட்கிற மாதிரி ஒரு வரி எது? அதுக்கு எவ்வளவு செலவாகும்? எந்தத் துறை மானியக் கோரிக்கையில வருது?"

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். "தொகை எங்கே, கணக்கு எங்கே, திருப்பிக் கட்டும் வழி எங்கே?" என்று கேட்டு எத்தனையோ கடன் மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே மாதிரி ஒரு மனுவை நானே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பி வரும்போது பக்கத்து நிலத்துப் பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா மேனேஜர் சார், உங்க மனுவ நீங்களே பாஸ் பண்ணியிருக்க மாட்டீங்க போல இருக்கே?"

எங்கள் திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாணம் ஆகாதவர்கள் கையில் மாலையோடு வருவார்கள். ஒரே வேண்டுதல்தான். பதினொரு வேண்டுதலோடு யாரும் வரிசையில் நிற்பதில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் ஒரு விஷயத்தைத் தேட ஆரம்பித்தேன். நம்ம சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதாவுக்கோ செலவுக்கோ கை தூக்கும் முன்னால், அதன் சாதக பாதகத்தை யார் ஆராய்ந்து அவருக்குச் சொல்கிறார்கள்? இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள். நம்ம கடன், கிணற்று மோட்டார், ஏரி, விதை எல்லாமே அந்தக் கை தூக்குவதில்தான் இருக்கிறது.

மேசைக்கு வரும் தாள்கள்

வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் கடனுக்குக் கூட மதிப்பீட்டுக் குறிப்பு எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டோம். கடன் கேட்பவர் எழுதித் தந்ததையே மதிப்பீடாக வைத்துக்கொள்ளவும் மாட்டோம். களத்துக்குப் போய்ப் பார்த்த அதிகாரி தனியாக எழுதுவார்.

சட்டப்பேரவையில் 234 உறுப்பினர்கள். நிதிநிலை அறிக்கை தாக்கலான பிறகு, துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். வேளாண்மைக்கு எண் 5. ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு தரும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் நாமும் படிக்கலாம். நல்ல ஆவணம்தான். ஆனால் அதை எழுதுவது பணம் கேட்கிற அதே துறை. வங்கிக் கணக்கில் சொன்னால், கடன் கேட்பவரின் விண்ணப்பம்.

செலவு முடிந்தபின் அதைச் சோதிக்க ஏற்பாடு உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சபைக்கு வரும், பொதுக் கணக்குக் குழு அதை ஆராயும். ஆனால் அது அறுவடைக்குப் பிறகு பார்க்கிற கணக்கு. விதைக்கும் முன் மண்ணைப் பரிசோதிக்கிற வேலை வேறு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டம் 203-வது பிரிவின்படி ஒரு மானியக் கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. அதனால்தான் உறுப்பினர்கள் 100 ரூபாய் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அந்தச் சாக்கில் குறையைப் பேசுகிறார்கள். "இதுக்கு இன்னும் பத்துக் கோடி சேருங்க" என்று மார்ச் மாதத்தில் நாம் போய் நின்றால், அறுவடை அன்று அடியுரம் போடப் போன மாதிரிதான். அந்தப் பேச்சு அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகையிலேயே நடக்க வேண்டும்.

ஆராய்கிறவர்கள் யார்?

ஆட்களே இல்லை என்று சொல்ல முடியாது. 1971-ல் தொடங்கிய மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. ஆனால் அதன் தலைவர் முதலமைச்சர், அது ஆலோசனை சொல்வது அரசுக்கு. அதே 1971-ல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. அது கல்வி ஆராய்ச்சிக்கான இடம். டெல்லியில் 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு, மாநிலங்களின் நிதிநிலை அறிக்கைகளைச் சுருக்கி வருஷா வருஷம் வெளியிடுகிறது.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 1980 முதல் அங்கே துறைவாரிப் பொருள் குழுக்கள் இருக்கின்றன. மசோதாவும் மானியக் கோரிக்கையும் அந்தக் குழுக்களில் உட்கார்ந்து பார்க்கப்படுகின்றன. நம்ம மாநிலத்தில் மசோதாக்கள் தெரிவுக் குழுவுக்குப் போவதே அபூர்வம்.

வெளிநாட்டிலும் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் பால் பண்ணைக்குப் பேர்போன விஸ்கான்சின் மாநிலத்தில் 1901-லேயே உறுப்பினர்களுக்காக ஒரு ஆய்வு நூலகம் தொடங்கினார்கள். சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் அதை நடத்தினார். விவரம் வேண்டும் என்றால் கம்பெனிக்காரர்களின் ஆட்களைத்தான் கேட்க வேண்டும் என்ற நிலை மாறியது. கலிபோர்னியாவில் 1941 முதல் சட்டமன்றத்துக்கே சொந்தமான ஆய்வு அலுவலகம் ஒன்று இருக்கிறது. ஆளுநர் தருகிற நிதிநிலை அறிக்கையைக் கட்சி சாராமல் பிரித்து மேய்வதுதான் அதன் வேலை.

அதே அமெரிக்காவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய அலெக் என்ற அமைப்பில் பெரிய கம்பெனிகளும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து உட்கார்ந்து மாதிரி மசோதாக்களைத் தயாரிக்கிறார்கள். உறுப்பினர் அதை ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்த் தாக்கல் செய்கிறார். ஆகவே "ஆய்வு" என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. காசு யார் போட்டது என்று பார்க்க வேண்டும். பூச்சிமருந்துக் கடைக்காரரிடமே பூச்சிக்கு ஆலோசனை கேட்டு நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஆராயாமல் நிறைவேறினால்

நம்ம இயக்கத்துப் பழைய ஆட்களுக்கு 2009 ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் வேளாண் மன்றச் சட்டம் என்று ஒன்று பேரவையில் நிறைவேறியது. வேளாண் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்தான் வேளாண் ஆலோசனைத் தொழில் செய்யலாம் என்பது அதன் சாரம். டாக்டர், வக்கீல் மாதிரி இதற்கும் ஒரு மன்றம் என்று மேலோட்டமாகப் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும். ஆனால் பஞ்சகவ்யம் செய்யச் சொல்லிக்கொடுக்கிற உழவர் என்ன ஆவார்? அனுபவத்தில் தெரிந்ததைப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்கிறவர் குற்றவாளியா? இயற்கை உழவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. மசோதா கட்டத்திலேயே "இதனால் யார் பாதிக்கப்படுவார்கள்?" என்ற ஒரு பக்கக் குறிப்பு உறுப்பினர்களின் மேசையில் இருந்திருந்தால், இத்தனை அலைச்சல் வேண்டியிருக்காது.

அடுத்தது 2023 ஏப்ரல் 21. கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைக்கு நிறைவேறியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள்.

இரண்டாவது, நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் ஒன்றின் நிலத்துக்குள் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. 100 ஹெக்டேர் என்றால் 247 ஏக்கர். உழவர் அமைப்புகள் எதிர்த்தும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். 247 ஏக்கரை எங்கே வட்டம் போட்டாலும் அதற்குள் ஒரு தாங்கலோ வரத்துக் கால்வாயோ மாட்டும். கடலோரத்தில் எங்கள் மணல் நிலத்துக் கிணறு உப்பாகாமல் இருப்பதற்கு மேற்கே தேங்குகிற நல்ல தண்ணீரும் ஒரு காரணம். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே எத்தனை ஏக்கர் காயும், எத்தனை கிணறு கரிக்கும் என்று வாக்கெடுப்புக்கு முன் சபையில் எடுத்துச் சொல்லக் கையில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை யார் தருவது என்பதுதான் கேள்வி.

ஒரு எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

ஆய்வு என்றவுடன் பயப்பட வேண்டாம். பாதி வேலை, பெரிய எண்ணைச் சின்ன எண்ணாக உடைப்பதுதான்.

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாடு அரசு நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கடன் 5.70 லட்சம் கோடி என்றார்கள். அந்த எண் யாருக்கும் ஏறவில்லை. "ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய்" என்று அதே அறிக்கை சொன்னதும் டீக்கடையில் கூடப் பேசினார்கள்.

அதற்கு ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்தது. தொகை 34,220 கோடி. 2024-25-ல் 42,282 கோடி. கேட்கவே குளிர்ச்சி. ஆனால் இது வேளாண் துறைக்கு மட்டும் உள்ள பணம் இல்லை, சார்ந்த துறைகளுக்கும் சேர்த்து. கிணற்று மோட்டார் இலவச மின்சாரத்துக்காக மின் வாரியத்துக்குப் போகிற 7,280 கோடியும் இதில் உண்டு. நூறு ரூபாயில் பதினேழு ரூபாய்க்கு மேல்.

மண் வளத்துக்காக அந்த ஆண்டு அறிவித்த "முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்துக்கு 206 கோடி. நூறு ரூபாயில் 49 பைசா. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இயற்கை உழவருக்கும் இலவச மின்சாரம் உண்டு, மற்ற திட்டங்களும் உண்டு. ஆகவே நமக்கு வருவது 49 பைசாதான் என்று மேடையில் முழங்கக் கூடாது. மண்ணுக்கென்று பேர் வைத்த திட்டத்தின் பங்கு இவ்வளவு என்று சொல்லலாம். இந்த நிதானம் இல்லாவிட்டால், அடுத்த நிமிஷமே அதிகாரி எழுந்து நம்ம கணக்கை உடைத்துவிடுவார். உறுப்பினருக்கும் அவமானம்.

அதே உரையில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 16,500 கோடி என்றும் வந்தது. அது கடன் இலக்கு. திரும்ப வர வேண்டிய பணம். அதைச் செலவோடு சேர்த்து எண்ணுவது வங்கிக்காரன் கண்ணுக்குப் பெரிய தப்பு.

எண்ணிப் பார்த்ததால் ஒரு பேச்சே மாறியதற்கும் உதாரணம் சொல்கிறேன். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தை ஆரம்பத்தில் பலர் வெறும் இலவசம் என்று சொன்னார்கள். மாநிலத் திட்டக் குழு பயணம் செய்யும் பெண்களிடம் ஆய்வு செய்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. அதற்கப்புறம் விவாதம் அந்த எண்ணைச் சுற்றியே நடந்தது. உரச் செலவு நின்றதால் ஒரு இயற்கை உழவர் குடும்பத்தில் எவ்வளவு மிச்சம், முதல் மூன்று வருஷத்தில் எவ்வளவு நஷ்டம் என்று அப்படி ஒரு எண் நம்மிடம் இருக்கிறதா?

இரண்டு பக்கக் குறிப்பு

அந்தப் பதினொரு கோரிக்கையில் ஒன்றே ஒன்றை எடுத்து இரண்டாவது முறை எழுதினோம். எங்கள் பக்கத்தில் சிலருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உர மூட்டையாகவும் கிடைக்கிறது. ரசாயன உரம் வேண்டாம் என்கிறவர் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார், அல்லது மூட்டையை வாங்கி வந்து விற்கிறார். இரண்டுமே அவலம். எழுதும்போது கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. ஒரு குறிப்பு, ஒரு கோரிக்கை. எங்கள் வரி இது: "பயிர்க்கடனில் உரத்துக்கான பங்கைப் புண்ணாக்கு, பசுந்தாள் விதை, மண்புழு உரமாகவும் பெறலாம் என்று சங்கங்களுக்கு உத்தரவிட அரசு முன்வருமா?"

2. சரியான துறை. நான் இதை வேளாண் துறைக்கு எழுதியிருந்தேன். சங்கம் கூட்டுறவுத் துறையின் கீழ் வருகிறது. ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்ற அளவை மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. ஏரியும் அப்படித்தான். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். கதவு மாறித் தட்டினால் ஒரு வருஷம் போச்சு.

3. அரசுக்கு ஆகும் செலவு. ஒருவருக்கு ஏக்கருக்கு 30,000 கடன், அதில் 6,000 உரமாக என்று வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது அந்த 6,000-த்தை வேறு பொருளாக. கடன் தொகை கூடவில்லை, அரசுக்குக் கூடுதல் மானியமும் இல்லை. "செலவில்லாத கோரிக்கை" என்று எழுத முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. செலவு உண்டு என்றால் மறைக்காமல் தொகையை எழுதுங்கள்.

4. எதிர்வாதத்தையும் நாமே எழுதுவது. "மண்புழு உரத்தில் கலப்படம் வந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பரிசோதனை செய்த உற்பத்தியாளர் குழுக்களிடம் மட்டும் வாங்கலாம் என்று பதிலும் எழுதினோம்.

5. காலம். நிதிநிலை அறிக்கை தயாராவதற்கு முன் ஒரு பிரதி. 2021 முதல் வேளாண் நிதிநிலை அறிக்கைக்கு முன் உழவர்களிடம் கருத்துக் கேட்பு நடக்கிறது, அங்கே ஒரு பிரதி. மானியக் கோரிக்கை நாளுக்கு ஒரு வாரம் முன் மறுபடி ஒரு பிரதி.

6. எல்லாக் கட்சிக்கும் ஒரே தாள். ஆளும் கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று என்று எழுதினால் இரண்டு பேருமே நம்மை நம்ப மாட்டார்கள்.

போன் வந்தது

அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். உறுப்பினரின் உதவியாளர் போனில் வந்தார். "ஐயா, குறிப்பு தெளிவா இருக்கு. கேள்வியா அனுப்பலாம்னு இருக்கோம். ஒண்ணே ஒண்ணு. இந்த மாதிரி உரத்தை வேண்டாம்னு விட்டவங்க மாவட்டத்துல எத்தனை பேர்?"

எனக்குத் தெரிந்தது ஐந்து பேர். அதைத்தான் சொன்னேன். "சரிங்கய்யா, பெரிய எண்ணிக்கை கிடைச்சா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். கேள்வி போகவில்லை. அவர் மேல் தப்பில்லை. ஐந்து பேருக்காக ஒரு மாநில விதியை யார் மாற்றுவார்கள்?

இப்போது எங்கள் வட்டாரத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். பெயர், பயிர், ஏக்கர், கேட்ட கடன், கிடைத்த ரொக்கம், விட்டுக்கொடுத்த உரத்தின் மதிப்பு என ஆறு பத்தி. மாதக் கூட்டத்துக்கு வருகிறவர் கடன் அட்டையைக் கொண்டு வந்தால் நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். இதுவரை எழுபது பெயரைத் தாண்டியிருக்கிறது. பெரியவர்தான் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கிறார். "மேனேஜர் சாருக்கு மறுபடியும் வேலை குடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

சட்டமன்றத்துக்கென்று ஒரு ஆய்வு அலுவலகம் வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். அது வருகிற வரை, நம்ம கணக்கை நம்மைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள். உங்கள் ஊரில் உர மூட்டையை வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனை பேர்? அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் வரியில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள்.